மூக்கரின் கையெழுத்து

உறைந்துபோன ஆட்டுத் தொடை மரக்கட்டை மாதிரி மேசையில் கிடந்தது. எலும்பை ஒட்டிச் சதை தடிமனாக இருக்கும் இடம் பார்த்து, மூக்கர் துளைக்கருவியை அழுத்தினார். துளைக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் உள்ளே இருக்கும் வாசம் வெளியே வரும். எலும்போரம் கெட்டிருந்தால் மேல்தோலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கருவியை உருவிய கையோடு அதன் முனையை முகர வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் கிடங்கின் குளிர் வாசத்தை விழுங்கிவிடும். அதனால் அவர் அவசரமாகத்தான் உருவினார். ஆனால் முனை நேராக அவர் மூக்குக்கு வரவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்ற சுமைதூக்குபவனின் முகத்தருகே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது.

அந்தத் துறைமுகத்தில் அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மூக்கர். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைத்தால் ஊர் திட்டும். இவருக்கு அதற்காகவே அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. கப்பலில் வரும் இறைச்சியை அவர் முகர்ந்து சரியென்று கையெழுத்துப் போட்டால்தான் சுங்கம் கதவைத் திறக்கும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் முடிவு வர நாளாகும், அதற்குள் கிடங்கு நிரம்பி வழியும். "மூக்கர் பாத்துட்டாரா? அப்ப எடுத்துட்டுப் போ" என்பதுதான் அங்கே வழக்கம். அவருக்கும் அதில் உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் அந்த மூக்கு போனது. அவருக்கே அது உடனே தெரியவில்லை. ஒரு காலை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி மூச்சு வாங்க ஓடி வந்தாள். பால் பொங்கி வழிந்து, பாத்திரம் அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள். "சொல்றேன், சொல்றேன். நாளைக்கே சொல்லிடறேன்" என்றார். வாசனை திரும்பி வரலாம் என்றார் டாக்டர், வராமலும் போகலாம் என்றார். மூக்கர் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். மூக்கு இல்லாத மூக்கரை என்ன செய்வார்கள்? ஏதாவது ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலிக்குப் பயந்து அவர் ஆபீஸில் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் கிடங்கில் சுமைதூக்கும் ஒட்டடையின் முகத்தைக் கண்டுபிடித்தார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமும் ஒல்லியுமாக இருந்ததால் அந்தப் பெயர். அவனுக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது. நல்ல கறியென்றால் பேசாமல் நிற்பான். சற்றே வாடையிருந்தாலும் உதட்டைச் சுழித்துத் தலையைத் திருப்பிக்கொள்வான். மூக்கர் கருவியை அவன் முகத்தைக் கடந்து கொண்டுவருவார், அவன் உதட்டைப் பார்ப்பார், பிறகு கண்ணை மூடி ஆழமாக இழுத்துத் தீர்ப்புச் சொல்வார். ஒருமுறைகூடப் பிசகவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி காரியம் நடந்துகொண்டிருந்தது.

இன்றும் ஒட்டடை பேசாமல் நின்றான். மூக்கர் கண்ணைத் திறந்தார்.

"சார், லாரி நிக்குது" என்றார் சரக்கை எடுத்துப்போக வந்து வாசலில் நின்ற ஏஜெண்ட்.

மூக்கர் பேனாவை எடுத்தார். அப்போது ஒட்டடை முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள்பட்டையில் பலமாகத் தும்மினான்.

"என்னடா, சளியா?"

"ஆமா சார். நாலஞ்சு நாளா மூக்கு மொத்தமா அடைச்சிருக்கு. காப்பி குடிச்சா வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கு."

மூக்கர் பேனாவை மூடினார். இந்த மேசையில் கிடப்பது இங்கேயேதான் இருக்கிறது, எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் இந்த நாலஞ்சு நாளில் ஒரே ஒரு சரக்கு, முந்தாநாள், போயிருந்தது. அதன் அடிப்பெட்டிகளில் ரத்தம் கசிந்து மறுபடி உறைந்த கறையை அவரே தன் கண்ணால் பார்த்தார். கடலில் எங்கோ மின்சாரம் நின்று, கறி இளகி, திரும்ப இறுகியிருக்க வேண்டும். பழைய மூக்கராக இருந்தால் ஒவ்வொரு பெட்டியையும் துளைத்திருப்பார். அன்று அவர் ஒட்டடையின் உதட்டைப் பார்த்தார். அது அசையவில்லை. கையெழுத்துப் போட்டார். அதில் பாதி ஒரு பள்ளி விடுதிக்குப் போனது.

அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"சார்?" என்றார் ஏஜெண்ட்.

"இது இன்னிக்குப் போகாது. கதவைச் சாத்துங்க."

கிடங்கின் தொலைபேசியிலேயே மேலதிகாரியை அழைத்தார். ஏஜெண்டும் ஒட்டடையும் கேட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

"மேடம், எனக்கு வாசனை தெரியறதில்ல."

"என்ன சொல்றீங்க? இன்னிக்கா?"

"காய்ச்சல் வந்ததிலேருந்து. முந்தாநாள் விட்ட சரக்கை நிறுத்தணும் மேடம். அது சரியா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "மீதிய நான் நிறுத்தறேன். நீங்க விடுதிக்குச் சொல்லிட்டு இங்க வாங்க" என்றார் மேடம். விடுதி எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஒட்டடையின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். பாதி வழியில் ஒட்டடை திரும்பாமலேயே கேட்டான்.

"இத்தன நாளும் என் மூஞ்சியப் பாத்தா சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாண்டா."

"சொல்லியிருந்தா சளின்னு சொல்லியிருப்பேனே சார்."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். மூக்கருக்குக் கண்ணில் நீர் முட்டியது. காற்று என்று நினைத்துக்கொள்வான் என்று துடைக்காமல் விட்டார்.

விடுதிச் சமையலறைக்குப் பின்பக்கமாக நுழைந்தார்கள். பெரிய அண்டா அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே கூடத்தில் தட்டுகளின் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன. சமையல்கார அம்மாள் கரண்டியோடு திரும்பினாள்.

"யாருங்க நீங்க?"

"கறி இறக்குற இடத்துலேருந்து வர்றேம்மா. அடுப்பை அணைங்க. இதை யாருக்கும் போடாதீங்க."

"ஏங்க? எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே. மசாலா போட்டுக் கொதிக்க விட்டா எல்லாம் ஒரே வாசந்தான். நீங்களே பாருங்க." அவள் கரண்டியில் ஒரு துண்டை அள்ளி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கெட்டுப்போச்சா, சொல்லுங்க?"

மூக்கர் பழக்கத்தில் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். ஆவி முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடியில் நீர் கோத்தது. கன்னம் சுட்டது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

அந்த அம்மாள் கரண்டியிலிருந்த துண்டைப் பார்த்தாள். பிறகு கரண்டியை அண்டாவுக்குள் விட்டுவிட்டு, குனிந்து அடுப்பை அணைத்தாள். நெருப்பு போன பிறகும் அண்டா தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள்.