மேஜை இழுப்பறையில் ஒரு மாத்திரை

சிறுநீரகக் கல்லை அதிர்வு அலையால் உடைக்கும் அறைக்கு வெளியே, கணவனின் பச்சை அங்கிக்கு முதுகுப் பக்கம் நாடா முடிந்துகொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி அடித்தது. அச்சகத்தில் அவனோடு வேலை பார்க்கும், பிழை திருத்தும் பெண்.

"அக்கா, இன்னிக்குக் கல்லு உடைக்கறாங்கல்ல, அண்ணன் அந்த மாத்திரைய நிறுத்திட்டாரா?"

"எந்த மாத்திரை?"

மறுமுனையிலிருந்து மென்று விழுங்கி வந்தது விஷயம். ஆறு மாதத்துக்கு முன் வேலையிடத்தில் அவனுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. இந்தப் பெண்தான் மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறாள். ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை. வீட்டில் மனைவி பார்த்தால் பயந்துவிடுவாள் என்று அதை அச்சக மேஜை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறான். அவன் மறந்தால் அந்தப் பெண் நினைவுபடுத்துவாளாம்.

நினைவுபடுத்துவாளாம்! பதினேழு வருடமாக அவன் சட்டைகளை இவள்தான் தைக்கிறாள். அவன் கழுத்தளவு கால் அங்குலம் பிசகாமல் மனப்பாடம். அந்தச் சட்டைக்குள் இருந்த நெஞ்சு வலித்தது இன்னொருத்திக்குத்தான் தெரிந்திருக்கிறது. 'அண்ணன்' என்ற சொல் கொஞ்சமும் ஆறுதல் தரவில்லை. அன்றைக்கு மருத்துவமனைச் சீட்டில் 'உடன் வந்தவர்' என்ற இடத்தில் அவள் என்ன உறவு எழுதியிருப்பாள்?

அரை மணி முன்னால்தான் நர்ஸ், "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டிருந்தாள். "அதெல்லாம் கெடையாது. எனக்குத் தெரியாம அவருக்கு ஒரு தும்மல்கூட வராது" என்று இவள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தாள். அவன் அப்போது விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தள்ளுகட்டில் வந்தது. சொன்ன வார்த்தையை நாலு பேர் முன்னால் மாற்றிச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றியது. அந்த நினைப்பே இவளை உலுக்கிவிட்டது.

"சிஸ்டர், நான் தப்பா சொல்லிட்டேன். தினம் ஒரு மாத்திரை சாப்பிடறாராம். எனக்கு இப்பதான் தெரியும்."

மருத்துவர் வெளியே வந்தார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. இந்த அலை கல்ல மட்டும் தட்டாது, பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாயையும் தட்டும். ரத்தம் உறையலன்னா உள்ளயே கசிஞ்சு தேங்கிடும். இருதய டாக்டரக் கேட்டுக்கிட்டு, ரத்தம் உறையற நேரத்த சோதிச்சுட்டு, அப்புறம் பாக்கலாம். மாத்திரை பேரு என்ன?"

"சின்னதா, ரோஸ் கலர்ல இருக்கும்..." என்றான் அவன். பிறகு மனைவியிடம், "நீ பயந்துருவேன்னுதான்..."

"உங்களுக்காகப் பயப்படறதுக்குக்கூட எனக்கு முன்னாடி ஒரு ஆளா?"

நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள். இவள் அதே எண்ணை அழைத்தாள்.

"மாத்திரை பேரு சொல்லும்மா."

பிழை திருத்துகிறவள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள், எத்தனை மில்லிகிராம் என்பதையும். இவள் அதை நர்ஸிடம் சொல்லி முடித்தாள். அந்தப் பெண் கேட்டாள், "அக்கா... அண்ணனுக்கு ஒண்ணும் இல்லல்ல?"

மறுமுனையில் அச்சு இயந்திரம் தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அங்கே யாரோ அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் போனை வைக்கவில்லை. அவன் நாளெல்லாம் கேட்கும் அந்தச் சத்தத்தை இவள் முதல் தடவையாக, காதை அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.