சோபாக்காரரின் முறை

டீச்சருக்கு ஒரு கொள்கை இருந்தது. கொள்கை என்று வந்துவிட்டால் மனுஷிக்குக் கண் மண் தெரியாது.

பிழைப்புக்காகப் புது ஊருக்கு வந்து சேர்ந்த பெரியவர்களுக்கு அந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுக்கும் மதிய வகுப்பு அவளுடையது. நூலகத்து மாடியில் ஓர் அறை, பதினான்கு நாற்காலி, ஒரு பலகை. பயிற்சிக் காலத்தில் படித்த புத்தகத்தில் ஒரு பாடம் மட்டும் அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. புது மொழிக்குள் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு பேசாக் காலம் உண்டு. காது நிறைந்த பிறகுதான் வாய் திறக்கும். அதற்கு முன்னால் பிடித்து இழுத்தால் பயம் குறுக்கே நிற்கும், கேட்டதுகூட உள்ளே இறங்காது என்றது அந்தப் பாடம். படித்த அன்று அவள் அழுதேவிட்டாள். ஒன்பது வயதில் மொழி தெரியாத ஒரு பள்ளியில் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். அவள் திக்கித் திணற, வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தப் பள்ளியில் அவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் வகுப்பில் தினமும் ஒரு கேள்வி உண்டு. மறுநாள் கேள்வியை முந்தின நாளே பலகையில் எழுதிப்போடுவாள். எல்லாரும் வீட்டில் யோசித்துக்கொண்டு வர, வரிசையாகக் கேட்பாள். சொந்த மொழிக்கு அறைக்குள் இடமில்லை, வாசலோடு சரி.

வகுப்பில் ஒரு தம்பதி, டீச்சரின் தாய்மொழிக்காரர்கள். மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவள். சரியோ தப்போ, கேட்டால் கொட்டித் தீர்த்துவிடுவாள். கணவர் பழைய சோபா, நாற்காலிகளுக்குப் புது உறை போடுபவர். வகுப்பில் அவருக்குப் பெயரே சோபாக்காரர்தான். முதல் நாள் அவர் முறை வந்தபோது முகம் சிவந்து, உதடு அசைந்து, சத்தம் வரவில்லை. டீச்சருக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. பரவாயில்லை என்பதுபோலச் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனாள். அன்றிலிருந்து தினமும் அதேதான். ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, அடுத்த ஆள். பதினான்கு பேரில் அவர்மேல்தான் அவளுக்குத் தனிப் பிரியம். ஒரு நாள் தானாகவே மடை திறந்த மாதிரி பேசுவார் என்று காத்திருந்தாள்.

மூன்றாவது மாதம் திடீரென்று அவர் வருவது நின்றுபோயிற்று. தொடர்ந்து பத்து வகுப்பு வராதவரின் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்பது நூலகத்தின் விதி. ஒன்பதாம் நாள் வகுப்பு முடிந்ததும் மனைவி மட்டும் நடைபாதையில் நின்றாள்.

"இந்தாங்க டீச்சர், அவரு புஸ்தகம். இனிமே வர மாட்டாராம்."

"ஏன்க்கா, வேலை ஜாஸ்தியா?"

"வேலையாவது ஒண்ணாவது. நீங்க தப்பா எடுத்துக்கலன்னா சொல்றேன்."

"சொல்லுங்கக்கா."

"எல்லாரையும் கேள்வி கேக்குறீங்க. அவரைப் பாத்தா மட்டும் ஒரு சிரிப்பு. 'நான் மக்குன்னு மொத நாளே கண்டுபிடிச்சுட்டாங்க, மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரல, அதான் சிரிக்கிறாங்க'ன்னு சொல்றாரு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. "ஐயோ, அப்படி இல்லக்கா! அவரா தயாராகட்டும்னுதான் விட்டேன்."

"தயாராகவா? நல்லா சொன்னீங்க போங்க!" அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். "தினமும் சாப்பிட்டதும் மேஜையத் தொடச்சிட்டு இத எழுத ஒக்காந்துடுவாரு. காலைல ஷேவ் பண்றப்பவும் கண்ணாடியப் பாத்து இதையே சொல்லிட்டிருப்பாரு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

பலகையில் எழுதிய கேள்விகள் எல்லாம் வரிசையாக இருந்தன. அறுபத்திரண்டு. ஒவ்வொன்றின் கீழும் பதில். உங்கள் வீட்டில் எத்தனை ஜன்னல்? இரண்டு, ஒன்று திறக்காது. உங்களுக்கு எதைக் கண்டால் பயம்? டெலிபோன். நேற்று யாருக்கு உதவினீர்கள்? கால் உடைந்த ஒரு நாற்காலிக்கு.

டீச்சர் கடைசிப் பக்கம்வரை படித்தாள். வெட்கமாக இருந்தது. பேசிப் பார்த்தால்தான் எது வரவில்லை என்று தெரியும், எதிரே இருப்பவர் பொறுமையாகக் காத்திருந்தால் அந்த இடத்தில்தான் மொழி வளரும் என்று அதே பயிற்சிப் புத்தகத்தில் இன்னொரு பாடமும் இருந்தது. அது அவளை அழவைக்கவில்லை, அதனால் அவசரமாகப் புரட்டிவிட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவதாக நினைத்து, ஐம்பது வயது ஆள் ஒருவரை அறுபத்திரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறாள்.

மறுநாள்தான் பத்தாவது வகுப்பு. காலையிலேயே சோபாக்காரரின் பட்டறைக்குப் போனாள். பஞ்சும் பசையும் நெடியடிக்க, அவர் ஒரு நாற்காலியின் முன் மண்டியிட்டுத் துணியை இழுத்துப் பிடித்திருந்தார். சின்னச் சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பது அவர் வழக்கம். அவளைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அண்ணே, தப்பு என்மேலதான். நான் என்ன நெனச்சேன்னா..."

அவர் கை காட்டி நிறுத்தினார். வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த ஊர் மொழியில், ஒவ்வொரு சொல்லாக வைத்தார்.

"என்னை... ஏன்... கேட்கவில்லை?"

அந்த மொழியைச் சரளமாகப் பேசுபவள் டீச்சர். ஆனால் அவளுக்குக் காது சுட்டது, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பதில் வரட்டும் என்று நின்றார்.

"பயந்தேன்," என்றாள் கடைசியில், அதே மொழியில். "நீங்கள் தடுமாறினால்... என்னால் பார்க்க முடியாது."

அவர் சொல் தேடினார். வெகுநேரம் தேடினார். அவளும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"தடுமாறுவேன்," என்றார். "நீங்கள் பாருங்கள்."

அன்று இரண்டு மணி வகுப்புக்கு ஒன்றே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவரைத்தான் முதலில் கேட்டாள். அவர் மூன்று இடத்தில் தடுமாறினார். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.