முதற்பெண்மணியின் கையில்லாக் கவுன்

ஜேர்மனியின் ஹம் நகரத் தமிழ்ச் சங்கத்துக்கு அரியரத்தினம் தலைவரான அன்றே, தான் அதன் முதற்பெண்மணி ஆகிவிட்டதாக அவர் மனைவி சிவமலர் முடிவுகட்டினாள். சங்கத்தில் எண்பத்தாறு அங்கத்தவர்கள்தான். அதனாலென்ன, பதவி பதவிதானே.

முன்மாதிரி தேடி நேரே வெள்ளை மாளிகைக்குப் போனாள், யூடியூப் வழியாக. அமெரிக்க ஜனாதிபதிகளின் மனைவிமார் காலத்துக்குக் காலம் உடுத்ததெல்லாம் அங்கே கிடந்தது. பொங்கலுக்கு அறுபதுகளின் ஜாக்குலின் கென்னடி: பட்டுச்சேலைக்கு மேல் வட்டத் தொப்பி. பானைக்கு மூடி தேடி வந்த ஒருவர் அவள் தலையையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றதாகக் கேள்வி. சித்திரைப் புத்தாண்டுக்கு எண்பதுகளின் நான்சி ரேகன்: உச்சி முதல் பாதம் வரை சிவப்பு. விளையாட்டுப் போட்டிக்கு பார்பரா புஷ்ஷின் மூன்று சரம் முத்துமாலை. சாக்கோட்டம் பார்க்க முத்துமாலை எதற்கு என்று செயலாளரின் மனைவி கஜந்தி கேட்டாளாம். பொறாமை என்று சிவமலர் தள்ளிவிட்டாள்.

மிச்சமிருந்தது ஆண்டுவிழா, மிஷெல் ஒபாமா. கையில்லாத நீலக் கவுன். அதற்காகவே நாலு மாதம் ஜிம்முக்குப் போய்க் கைகளை இறுக்கினாள். விழாப் படமொன்று ஆண்டுமலரின் அட்டையில் வரும்; அது தன் படமாக இருக்கவேண்டும். மேடையேறக் காரணம் வேண்டுமே. தனக்கும் பொன்னாடை போர்த்தவேண்டும் என்று கணவரை நச்சரித்து நிகழ்ச்சி நிரலில் ஏறினாள்.

பெயர் வாசித்தார்கள், போனாள். மண்டபம் அவள் தோள்களைப் பார்த்து முடிக்குமுன், அரியரத்தினம் இரண்டு மீற்றர் சரிகையால் அவளைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடிவிட்டார். நாலு மாத உழைப்பும் உள்ளே.

"இஞ்சருங்கோ, கழட்டுங்கோ," என்றாள், சிரிப்பு மாறாமல்.

"ஏலாது. போர்த்தினதைக் கழட்டுறதே? சனம் பாக்குது. பேசாமல் நில்லும்."

ஆண்டுமலருக்குப் படமெடுக்கும் நிஷாந்தன் கமராவைத் தூக்கிவிட்டான். பொன்னாடையைக் கழற்ற ஒரே மரியாதையான வழி, அதை இன்னொருவருக்குப் போர்த்துவது. கண்ணில் பட்டது முன்வரிசைக் கஜந்திதான்.

"கஜந்தி அக்கா, மேடைக்கு வாங்கோ. உங்கட சேவைக்கு இது."

என்ன சேவை என்று கஜந்திக்கே தெரியாது. ஆனாலும் வந்தாள். தலைவரின் மனுசிக்குப் பெரிய மனசு என்று மண்டபம் எழுந்து கைதட்டியது. சிவமலர் சபைக்கு முதுகைக் காட்டிப் பொன்னாடையை விரித்துப் போர்த்திய அந்த நொடியில் கமரா மின்னியது.

அடுத்த மாதம் ஆண்டுமலர் வந்தது. அட்டையில் கம்பளிச் சட்டைக்கு மேல் பொன்னாடையுடன் கஜந்தி, வாயெல்லாம் பல். அவளுக்கு முன்னால் ஒரு நீல முதுகு. கீழே: 'சமூக சேவகி திருமதி கஜந்தி கௌரவிக்கப்படுகிறார்.' முதுகைப் பற்றிக் குறிப்பு எதுவுமில்லை.

கொலோனில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்ப, கஜந்தி இருபது பிரதி கேட்டிருக்கிறாளாம்.