நாலாம் லேனுக்கு யார்

...ஒரு பெயரைச் சொல்ல இவ்வளவு நேரமா, பிளேன்ரீயும் ஆறிப்போய்விட்டது, எல்லோரும் கவசம் மாட்டிக்கொண்டு மேற்பார்வையாளர் விமலேஸ்வரியின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், குச்சி நட்டுப் பிரித்த நாலாம் லேனில் நேற்று மண்ணுக்குள்ளிருந்து மிதிவெடிகள் வரிசையாக அகப்பட்டன, இன்று அதற்குள் இறங்கும் முறை யாருடையது என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும், பிரஷாந்தினியுடையது... அவள் பெற்ற பிரஷாந்தினி. பயிற்சி முடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, புதுப்பிள்ளை என்று தட்டிக்கழிக்கலாமா? போன வருடம் புதிதாக வந்தவளிடம் “முறை எண்டால் முறைதான் தங்கச்சி” என்று பெரிய நீதிபதி மாதிரிச் சொன்னது யார்?

விமலேஸ்வரி இந்த மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சம்பளத்துக்காகத்தான் வந்தாள், மீள்குடியேறிய காலம், புருஷன் இல்லை, ஐந்து வயதுப் பிள்ளை. பிறகு ஆடைத் தொழிற்சாலையில் கூப்பிட்டார்கள், நிழலில் இருந்து தைக்கிற வேலை, ஏன் போகவில்லை? விசுவமடுவில் பொன்னையர் தன் சொந்தக் காணியில் ஒரு காலை இழந்தவர், அதே காணியை இவள் துப்புரவாக்கிக் கொடுத்தாள், மனிதர் ஊன்றுகோலோடு நின்று உழுந்து விதைத்தார், அதைப் பார்த்து அழுதாள், வேறு வேலை என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. ஆரோ ஒராள் செய்யத்தானே வேணும்... ஊருக்குச் சொன்னாள், சோறு ஊட்டும்போது மகளுக்கும் சொன்னாள், அந்த வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் என்ன? தாதிப் பயிற்சிக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு மகள் இங்கே வந்து நின்றபோது ஏசினாள், கெஞ்சினாள், “நீங்கள் சொன்னதைத்தானே அம்மா செய்யிறன்” என்று சிரித்தாள் பாவி.

“அம்மா, நாலு என்ர.” மகள் ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். “பொறு... இராசமலர், நீர் நாலுக்குப் போம்.” யார் சொன்னது, தானா? “ஓம் அக்கா.” இராசமலர் ஏன் என்று கேட்கவில்லை, அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு போகிறாள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே... “அவவின்ர முறை இல்லையே அம்மா” என்கிறாள் மகள், மெதுவாக, மற்றவர்களுக்குக் கேளாதபடி. இத்தனை வருடமாக அனுப்பியவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே, ஒரு நாளாவது பெயர் சொல்லத் தயங்கினாளா? இப்போதும் கூப்பிடலாம், இராசமலர் இன்னும் முழங்காலிடவில்லை, ஒரு குரல் போதும்... முழங்காலிட்டுவிட்டாள். விமலேஸ்வரிக்கு மகளின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் நெஞ்சு இலேசாகத்தான் இருந்தது.