சந்திரமதியின் கடைவாய்ப்பல்

கெர்போ ரோட்டு மாடி அறையை ஒரு பலகைத் தடுப்பு இரண்டாகப் பிரித்திருந்தது. அந்தப் பக்கம் மாமியார் ரத்தினம்மா; இந்தப் பக்கம் சந்திரமதியும் அவள் கணவன் வடிவேலுவும். பலகை கூரையைத் தொடாது. இங்கே பெருமூச்சு விட்டால் அங்கே கேட்கும். வந்த புதிதிலேயே சந்திரமதி வாயை அடக்கப் பழகிக்கொண்டாள். தூக்கத்தில்தான் பல் அடங்க மறுத்தது.

"நறநறன்னு கடிக்கிறாடா. குடும்பத்துக்கு ஆகாது" என்றாள் ரத்தினம்மா, மகனிடம் காப்பியை நீட்டிக்கொண்டே. மருமகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

வயிற்றில் பூச்சி என்று விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். எதற்கும் அது மசியவில்லை. எழுந்தால் தாடை கட்டையாக இறுகியிருக்கும். நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கும். ஒரு காலை, மெத்தென்ற தோசையை மெல்லும்போது கடைவாய்ப்பல் சில்லு பெயர்ந்து நாக்கில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் வடிவேலு அவளைச் சிலிகி ரோட்டிலிருந்த சீனப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனான்.

டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த வடிவேலு முந்திக்கொண்டு பதில் சொன்னான். "சின்ன வயசுலேருந்தே இருக்கும், டாக்டர்."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதா?"

"தெரியும்" என்றாள் சந்திரமதி. கல்யாணத்துக்கு முன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கப் பேசிய இங்கிலீஷ். "கல்யாணமானதும் வேலையை விடச் சொன்னாங்க. அப்போ ஆரம்பிச்சது."

வடிவேலு தன் செருப்பைப் பார்த்தான்.

பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் டாக்டர். மனத்தில் அழுத்தம் இருக்கிறவர்கள் பலர் தூக்கத்தில் இப்படிக் கடிப்பார்கள். மேல்பூச்சு தேய்ந்து பற்கள் தட்டையாகிவிட்டன, அதனால்தான் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசுகிறது, பல்லில் விரிசல் விடுகிறது. உடைந்த பல்லை அடைத்துவிட்டு, இரவில் மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு செய்து கொடுத்தார். "இது பல்லைக் காப்பாத்தும். கடிக்கிறதை நிறுத்தாது."

வெளியே வந்ததும் வடிவேலு, "வீட்டு விஷயத்தை வெளியாள்கிட்ட ஏன் சொல்றே?" என்றான். அவள் தாடை தானாக இறுகிக்கொண்டது.

தகடு வந்தபின் சத்தம் நின்றது. "கயிறு வேலை செஞ்சிருச்சு பாத்தியா" என்று ரத்தினம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். தனியாகப் போக, குயின்ஸ்டவுனில் அரசாங்க வீட்டுக்கு மனுப் போடலாம் என்று சந்திரமதி மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சே" என்றான் வடிவேலு. அவள் யோசித்தாள். சத்தமும் போனபின், தனக்கு ஏதோ ஆகிறது என்று யாருக்கு எப்படித் தெரியும்?

தீபாவளிக்கு முந்தின வாரம் தகடு நடுவில் பிளந்தது. இரண்டு துண்டையும் அவன் கையில் வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவன் திருப்பிப் பார்த்தான். அத்தனை தடிமனான பிளாஸ்டிக், பல் பதிந்த இடமெல்லாம் குழி விழுந்து காகிதமாக மெலிந்திருந்தது.

"இவ்வளவுமா?" என்றான். "வேற ஒண்ணு செய்யச் சொல்லலாம்லா."

"அதையும் கடிப்பேன்." தடுப்புக்கு அப்பால் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல்தான் சொன்னாள். "நான் வேலைக்குப் போகணுங்க."

பலகைக்கு அந்தப் பக்கம் பாக்கு வெட்டும் ஒலி சட்டென்று நின்றது. வடிவேலு அந்தத் திசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?" என்று கிசுகிசுத்தான்.

"கேட்டுட்டாங்க" என்றாள் சந்திரமதி.