மச்சானுக்கு ஒரு முறம் இடம்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்தச் சின்ன ஊர் ஐஸ் ஹாக்கிக் கோப்பையைத் தொட்டதே இல்லை. ஒருமுறையாவது தூக்கிவிட வேண்டும் என்பதுதான் பயிற்சியாளர் லெஸ்டர் ஹ்ரின்கிவின் ஆசை. எதிரணிகளைப் பற்றி அவருக்குப் பயமில்லை. பயமெல்லாம் சொந்த கோல்கீப்பர் ட்வெய்னைப் பற்றித்தான். ட்வெய்ன் அவர் மனைவி கோலீனின் அண்ணன்.

வலைக்கு முன்னால் நிற்கும்வரை ட்வெய்ன் தங்கமான ஆள். ரப்பர் வட்டு வலைக்குப் பின்னால் உருண்டுவிட்டால் போதும், கால் தரிக்காது. மூலைவரை துரத்திப்போய், பெரிய வித்தைக்காரர் தோரணையில் அதை யாருக்காவது தட்டிவிடுவார். அந்த யாரோ பெரும்பாலும் எதிரணிக்காரனாக இருப்பான். கோல் திறந்த வீடாகக் கிடக்கும்.

ஒருமுறை லெஸ்டர் வீட்டில் ஜாடையாகப் பேச்செடுத்துப் பார்த்தார்.

"எங்கண்ணன் மனசு நோகுற மாதிரி ஏதாவது சொன்னீங்க, கராஜ்லயே படுத்துக்குங்க. பெரோகி கொழுக்கட்ட அங்க வராது" என்றாள் கோலீன்.

ஜனவரிக் குளிரில் கார் நிறுத்தும் கராஜ் எப்படியிருக்கும் என்று லெஸ்டருக்குத் தெரியும். அதனால் மச்சானிடம் சொல்லப் பயந்ததை லீக் முழுவதற்கும் சட்டமாக்கிவிட முடிவு செய்தார். கூட்டத்தில் எழுந்து, பெரிய லீக்கின் விதி நமக்கும் வேண்டும் என்றார். மூலைகளில் கோல்கீப்பர் வட்டைத் தொடக் கூடாது; தொட்டால் அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். வலைக்கு நேர் பின்னால், முறம்போல் விரியும் கட்டத்துக்குள் மட்டும் தொடலாம். ஆட்டத்தின் வேகம், விளையாட்டின் எதிர்காலம் என்றெல்லாம் முழங்கினார். கைதட்டினார்கள். தன் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றார். அடக்கம் என்று நினைத்து அதற்கும் கைதட்டினார்கள்.

ஐஸில் சிவப்புக் கோடு போட்ட அன்று ட்வெய்ன் அதை ஆசையாகச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இத்தன நாளா நான் பின்னாடி போனா எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சாங்க மச்சான். இப்பப் பாருங்க, எனக்குன்னே இடம் ஒதுக்கிட்டாங்க."

அதன்பிறகு ட்வெய்ன் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்துக்குப் போய்வந்தார், சொந்த நிலத்தைப் பார்வையிடுகிறவர்போல.

ஆனாலும் எப்படியோ இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். கடைசி நிமிடம், இரண்டு பக்கமும் சம கோல். வட்டு வலைக்குப் பின்னால் உருண்டது. ட்வெய்ன் கிளம்பினார்.

"உள்ளயே நில்லுங்க மச்சான்!" வாழ்க்கையில் முதல்முறையாக லெஸ்டர் வாய்விட்டுக் கத்தினார்.

ட்வெய்ன் நிதானமாக மட்டையால் சிவப்புக் கோட்டைச் சுட்டிக்காட்டினார். "உள்ளதான இருக்கேன்." பிறகு வட்டை அழகாகத் தட்டிவிட்டார். எதிரணிக்காரன் அதை வாங்கி, காலி வலைக்குள் போட்டான்.

உடைமாற்றும் அறையில் அணிப் பையன்கள் இழவு வீட்டில்போல் மட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ட்வெய்ன் ஒருவர்தான் தெளிவாக இருந்தார். "இந்த சீசன்ல ஒரு தடவகூட நான் கோட்டத் தாண்டல."

"அந்த ரூலக் கொண்டுவந்தவன் மட்டும் கையில கெடச்சான்..." என்று பல்லைக் கடித்தான் ஒரு பையன்.

அண்ணனைத் தேற்ற வந்த கோலீன் வாசலில் நின்றாள். "அந்தப் புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா நான் பெரோகி போட்டு உபசரிப்பேன். எங்கண்ணன் தெறமைய மதிச்சது அவர் ஒருத்தர்தான்." லெஸ்டரை ஏற இறங்கப் பார்த்தாள். "சில பேரு ஊர் கேக்கக் கத்தத்தான் லாயக்கு."

லெஸ்டர் வாயைத் திறந்தார். சுற்றிலும் பையன்கள் இன்னும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு, கராஜ் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று யோசிக்க ஆரம்பித்தார்.