கையில் தங்கிய ஆட்டம்

வண்டியை வேலியில் கொண்டுபோய் விட்டது கீரன். ஆனால் எங்களைச் சிரிக்க வைத்தது நெவில்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு, லெட்பரிக்கு வெளியே இருக்கும் பப்பின் தோட்டத்தில் எங்கள் பழைய கார் கிளப் கூடும். அன்று நெவில் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைக் கீரனிடம் ஓட்டக் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தார். நெவிலின் மகள் இமோஜெனுக்கும் கீரனுக்கும் அந்த மாதக் கடைசியில் கல்யாணம். அப்பா அந்தக் காரில் மகளைச் சர்ச்சுக்குக் கூட்டிவருவார். திரும்பிப் போகும்போது கீரன் ஓட்டுவான். அதற்குப் பழகிக்கொள்ளத்தான் அந்தச் சவாரி.

பப்புக்கு முந்தின வளைவில் கீரன் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறான். வண்டி திரும்பாமல் நேரே வேலிச்செடிக்குள் போய்விட்டது. இடது விளக்கு நொறுங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்ன நெவில், வண்டிக்குப் புல்லு போட்டியா?" என்று க்ளிஃப் கேட்டான். விளக்கு வளையத்தில் இலைக்கொத்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஐயா ஆம்புலன்ஸ் ஓட்டுறவராம்," என்றார் நெவில். "இப்பவே சொல்லிடுறேன், எனக்கு நெஞ்சுவலி வந்தா நான் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடுறேன்."

தோட்டமே சிரித்தது. கீரனும் சிரித்தான். காது மட்டும் சிவந்து போயிருந்தது.

"ஸ்டியரிங் கொஞ்சம் லூசா இருந்த மாதிரி..." என்று ஆரம்பித்தான்.

"இந்த வண்டிங்க எல்லாமே அப்படித்தான் தம்பி," என்றான் க்ளிஃப். நாங்களும் தலையை ஆட்டினோம். எங்கள் கிளப்பில் எதற்கும் அதுதான் பதில். எண்ணெய் ஒழுகினாலும் அப்படித்தான், கதவு தானாகத் திறந்தாலும் அப்படித்தான். இவ்வளவு பழைய வண்டிக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டதால், அதையும் ஒரு கௌரவமாகவே வைத்திருந்தோம்.

மறுநாள் விளக்கு மாற்ற நெவில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தைச் சும்மா பிடித்து ஆட்டிப் பார்த்தார். கடகடவென்றது. கீழே படுத்துக்கொண்டு, மனைவி லின்னை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பச் சொன்னார்.

"திருப்பு."

"திருப்பிட்டுதான் இருக்கேன்."

"இன்னும் திருப்பு."

"நெவில், கால் சுற்று திருப்பிட்டேன். உனக்குக் கீழ ஒண்ணுமே அசையலையா?"

அசையவில்லை. சக்கரங்களை இணைக்கிற கம்பிகளின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டுகளான பால் ஜாயிண்டுகள் தேய்ந்து, குழிக்குள் கோலி உருளுவது மாதிரி உருண்டன. கம்பியை நடுவில் தாங்குகிற இரும்புக் கையில் இருந்த புஷ் என்கிற வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இத்தனை வருடமாக ஆட்டம் தெரியும்போதெல்லாம் அவர் செய்தது ஒன்றுதான். ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்கிவிடுவார். தேய்ந்தது ஓரிடம், முறுக்கியது வேறிடம்.

ஒரு ஜாயிண்டின் நட்டில், அது கழன்றுவிடாமல் பிடிக்கும் பூட்டு ஊசியே இல்லை. அந்த நட்டைக் கடைசியாகக் கழற்றி மாட்டியது அவர்தான். இன்னும் சில சுற்று கழன்றிருந்தால் வேலிச்செடியோடு போயிருக்காது.

"என்ன ஆச்சு?" என்றாள் லின்.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ."

பாகங்களை வரவழைத்தார். கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு ஜாயிண்டு, புஷ், ஊசி எல்லாம் புதிதாகப் போட்டார். சக்கரங்களை நேராக வைத்து, முறுக்கின ஸ்க்ரூவையும் தளர்த்திச் சரிசெய்தார். யாரிடமும் சொல்லப் போவதில்லை. விளக்கு மாற்றியாச்சு, அவ்வளவுதான். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது.

கல்யாண வாரம் புதன்கிழமை இமோஜெனை ஏற்றிக்கொண்டு மால்வெர்ன் பக்கம் போனார். வண்டி நேர்ச்சாலையில் பாம்பு மாதிரி நெளிந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம்.

"அப்பா, ஏன் இப்படி ஆட்டுறீங்க?"

"நான் ஆட்டலைமா."

"கையப் பாருங்க."

பார்த்தார். கை தானாகவே ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. தளர்ந்த வண்டியை நேராக வைக்க வருடக்கணக்கில் செய்து பழகினது. இப்போது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கைக்குத்தான் அது தெரியவில்லை.

இமோஜென் அவர் பக்கம் திரும்பினாள். "எதையோ சரிபண்ணிட்டீங்க, இல்ல? அப்ப அன்னிக்கு வண்டி சரியில்ல."

"இதெல்லாம் பழைய வண்டிமா. எல்லாமே அப்படி..."

"ஓரமா நிறுத்துங்கப்பா." நிறுத்தினார். "அன்னிலேருந்து கீரன் ஆம்புலன்ஸ் ஓட்டலை. தன் கை மேலயே நம்பிக்கை இல்லன்னு பின்னாடி உட்கார்ந்து போறான். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவர் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லுங்க. சொன்னாதான் சனிக்கிழமை இந்த வண்டில ஏறுவேன். இல்லாட்டி டாக்ஸி."

அன்று சாயங்காலமே சொன்னார். கீரன் வீட்டு அடுப்படியில், டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டே. கீரன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டான். "அப்ப நான் இல்ல," என்றான். பிறகு, "பரவாயில்ல நெவில். கிளப்ல எல்லாம் சொல்லிட்டு இருக்காதீங்க. கல்யாண நேரத்துல எதுக்கு?"

அந்தப் பெருந்தன்மையைச் சாக்காக வைத்து நெவில் கிளப்பில் வாய் திறக்கவில்லை. அதுதான் அவருக்குப் பிற்பாடு ரொம்பக் குத்தியது.

சனிக்கிழமை இமோஜென் அந்தக் காரில்தான் வந்தாள். முட்டியை மடக்கி, வெள்ளைத் துணியெல்லாம் அள்ளிப் பிடித்துக்கொண்டு. நெவில் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் கணு வெளுக்க.

சர்ச்சில் கல்யாணம் முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது வண்டி தயாராக நின்றது. பின்னால் தகர டப்பாக்கள். முன்னால் இடது விளக்கின் மேல் கட்டின ஒரு தலையணை. அதற்குக் கீழே, ஓட்டப் பழகுகிறவர்கள் மாட்டுகிற சிவப்பு 'எல்' பலகை. க்ளிஃப்பின் வேலை. கயிறு பிடித்தது நான்.

"மாப்பிள்ளை, வேலியெல்லாம் பயந்து போய் இருக்கு!" என்று க்ளிஃப் கத்தினான். எல்லோரும் சிரித்தோம். கீரனும் சிரித்தான், அதே சிவந்த காதோடு. அவனோடு வேலை பார்க்கிற ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை.

இமோஜென் பலகையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

நெவில் போய்ப் பலகையை அவிழ்த்தார். முடிச்சு வரவில்லை, நகத்தால் பிய்த்தார். அவிழ்த்ததைத் தன் கோட்டு மேல் வைத்துப் பிடித்தார்.

"அப்படிப் போடு!" என்று யாரோ கைதட்டினார்கள்.

"விளையாட்டு இல்ல," என்றார் நெவில். "அன்னிக்குத் தப்பு அவன் மேல இல்ல. என் ஸ்டியரிங் செத்துப் போயிருந்தது. ஒரு நட்டுக்கு ஊசியே இல்ல. நான்தான் போடாம விட்டேன். அந்த வண்டில அவனை உட்கார வச்சு, அப்புறம் உங்க முன்னாடி அவனைக் கேலி பண்ணினேன்."

கைதட்டல் நின்றுவிட்டது. டப்பா ஒன்று காற்றில் உருண்டது. க்ளிஃப் தன் ஷூவைப் பார்த்தான். என் வண்டியின் ஸ்டியரிங்கும் ஞாபகத்துக்கு வர, நானும் கீழே பார்த்தேன்.

கீரன் தலையணையை அவிழ்த்து நெவிலிடம் கொடுத்தான். இமோஜென் ஏறினாள். வண்டி கிளம்பி, வாசலைத் தாண்டி, வேலிகளுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நேராகப் போனது.

தலையணையையும் பலகையையும் மடியில் வைத்துக்கொண்டு நெவில் லின்னின் காரில் ஏறினார். போகிற வழியில் லின் சொன்னாளாம்: "கைய சும்மா வைப்பா. நான்தானே ஓட்டுறேன்."